அடுப்பை அணைத்த பிறகு பெஸ்டோ

பிரிட்டனின் கார்டிஃபில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெஸ்டோ ஜாடி இருக்கும். பேசில் என்ற மணமுள்ள இலையை எண்ணெய், சீஸ், கொட்டையோடு அரைத்த பச்சை விழுதுதான் பெஸ்டோ, பாஸ்தாவில் கிளறிச் சாப்பிடுவது. ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட் முடித்து, இரவு எட்டரைக்கு வீடு வந்து சேரும்போது வெங்காயம் வதக்கக்கூட உடம்பில் தெம்பு இருக்காது. அந்த மாதிரி நாட்களில் கை தானாக அந்த ஜாடியைத்தான் தேடும். ஆனால் கூட வேலை பார்க்கும் தோழிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை. "ஒரே எண்ணெயும் கசப்புமா இருக்குடி" என்பார்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: வாணலியில் ஊற்றிக் கொதிக்க விட்டேன்.

பெஸ்டோவைக் கறிவேப்பிலைத் துவையல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்த துவையலைச் சூடான சோற்றில் அப்படியே பிசைகிறோம். மறுபடி யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. இதுவும் அப்படித்தான். சூடு அதிகமானால் பேசில் இலை கறுத்து வாசனை போய்விடும், சீஸ் கட்டி தட்டும், எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டு, அப்புறம் சேர்த்தால் போதும்.

இது இத்தாலியின் ஜெனோவா ஊர்ச் சாப்பாடு. அங்கே பேசில், பூண்டு, பைன் கொட்டை, பார்மிஜானோ சீஸ், சார்டினியா தீவின் செம்மறி ஆட்டுப்பால் சீஸ், கல் உப்பு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைப் பளிங்கு உரலில் மர உலக்கையால் இடிப்பார்கள். ஜெனோவா பேசிலுக்கு 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்புப் பெயர்கூடத் தந்திருக்கிறது. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் பேசில்தான், மணம்தான் கொஞ்சம் வேறு. கடை ஜாடியில் பைன் கொட்டைக்குப் பதில் பெரும்பாலும் முந்திரியும், ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெயும் இருக்கும். கெடாமலிருக்கச் சூடாக்கி அடைப்பதால் பச்சை மணமும் குறைந்துவிடும். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. லேபிளில் பேசில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதிகம் உள்ளதை வாங்குங்கள். பரிமாறும்போது கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவி, மிளகு இடித்துப் போட்டால் மணம் நன்றாக எழும்பிவிடும். ஜெனோவாக்காரர்கள் எலுமிச்சை போட மாட்டார்கள். கடை ஜாடிக்கு அது தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது ஜெனோவா முறைப் பாஸ்தாதான். அங்கே பாஸ்தாவோடு உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் ஒரே பாத்திரத்தில் வேகவிடுவார்கள். மாவோடு கிழங்கா என்று முகம் சுளிக்க வேண்டாம், ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு 350 கிராம் லிங்குவினி (தட்டையான நீளப் பாஸ்தா), நடுத்தர அளவில் இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு கைப்பிடி பீன்ஸ். கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பாஸ்தாவோடு சேர்த்தே போடுவேன். பீன்ஸ் கடைசி ஐந்து நிமிடத்தில். பெஸ்டோவிலேயே உப்பு தூக்கலாக இருக்கும், அதனால் தண்ணீரில் உப்பைக் குறைத்துப் போடுங்கள். வடிக்கும் முன் ஒரு கப் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். பெரிய கிண்ணத்தில் பெஸ்டோவைப் போட்டு, அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று கரண்டி விட்டுத் தளர்த்தி, பிறகு பாஸ்தாவைக் கொட்டிக் கிளறினால் அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். குழைந்த கிழங்கு ஓரங்கள் பெஸ்டோவோடு கலந்து பாஸ்தா முழுக்கப் பூசிக்கொள்ளும். 190 கிராம் ஜாடி நான்கு பேருக்குத் தாராளம்.

அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது, "என்னம்மா இது, பச்சையா எண்ணெயில மிதக்குது?" என்றார். அவர் சுத்த சைவம். பார்மிஜானோவும் அதே மாதிரியான கிரானா படானோ சீஸும், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரைய வைக்கும் ரென்னெட் சேர்த்துச் செய்யப்படுபவை. இலையும் கொட்டையும்தானே என்று நினைத்து, விவரம் தெரியாத சைவர்களுக்குப் பரிமாறுவது எனக்குச் சம்மதமில்லை. சைவ முத்திரை உள்ள ஜாடிகளும், சீஸே இல்லாத வீகன் ஜாடிகளும் கடையில் கிடைக்கின்றன. அத்தைக்கு அந்த வீகன் ஜாடியில்தான் செய்தேன். சாப்பிட்டுவிட்டு, "அந்தக் கிழங்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

சூப்பில் போடுவதும் ஜெனோவா வழக்கம்தான். காய்கறி சூப்பைத் தட்டில் ஊற்றியதும் மேலே ஒரு தேக்கரண்டி பெஸ்டோ. மைசூர் பருப்பு சூப்புக்கும் இது பிரமாதமாகப் பொருந்துகிறது. அடுப்பில் சுட்டெடுத்த காலிஃபிளவருக்குக் கெட்டித் தயிரில் இரண்டு கரண்டி பெஸ்டோ கலந்து அடியில் பரப்புவேன். மிஞ்சிய சாதத்தை ஃபிரோஸன் பட்டாணியோடு ஆவி பறக்கச் சூடாக்கி, இறக்கி, பெஸ்டோவும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கிளறினால் மகள் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். தோசைக்கும் இட்லிக்கும் மட்டும் நான் தொட்டுக்கொள்வதில்லை. புளித்த மாவோடு அந்தச் சீஸ் எனக்கு ஒட்டவில்லை.

அடுப்பில் ஏற்றக்கூடாது என்றேன், ஒரே ஒரு விலக்கு உண்டு: முட்டை. நான்ஸ்டிக் கடாயில் ஒரு மேசைக்கரண்டி பெஸ்டோவைச் சிறு தீயில் பரப்பி, எண்ணெய் பிரிந்ததும் மேலே முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைப்பேன். சீஸ் மொறுமொறுப்பாகி முட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். இலை மணம் குறைந்தாலும் வறுத்த ருசி ஒன்று வரும். நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில், டோஸ்ட் மேல் தக்காளி வைத்து, அதன் மேல் இந்த முட்டை.

பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு சாண்ட்விச்சில் தடவுவதானால், பள்ளியின் விதியை முதலில் கேளுங்கள். இங்கே பல பள்ளிகளில் கொட்டை வகைகளுக்கு அனுமதி இல்லை, பெரும்பாலான பெஸ்டோவில் முந்திரி இருக்கிறது. மகளின் வகுப்பில் முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தை இருப்பதால், எங்கள் வீட்டில் பெஸ்டோ சாண்ட்விச் சனி, ஞாயிறுக்கு மட்டும்தான்.

திறந்த ஜாடியில் ஈரக் கரண்டி போடாதீர்கள். எடுத்த பிறகு மேற்பரப்பைச் சமன் செய்து, மூடும் அளவுக்கு ஆலிவ் எண்ணெய் விட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்பது ஜாடிக்கு ஜாடி மாறும், லேபிளில் போட்டிருக்கும். அதற்குள் தீராது என்று தெரிந்தால் ஐஸ் டிரேயில் நிரப்பி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு வைப்பேன். சூப்புக்குக் கட்டியை அப்படியே போடலாம். பாஸ்தாவுக்கு என்றால், தண்ணீர் கொதிக்க வைக்கும்போதே கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், வேகும் நேரத்துக்குள் இளகிவிடும்.