பிரிண்டர் கிடக்கட்டும், ரௌட்டரைப் பாருங்கள்

லினக்ஸ் கணினியில் வைஃபை பிரிண்டர் தெரியவில்லை என்றால் எல்லோரும் முதலில் டிரைவரைத்தான், அதாவது பிரிண்டரோடு பேசக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருளைத்தான், தேடுவார்கள். என்னையும் அந்தப் பக்கம்தான் துரத்தினார்கள். கடைசியில் கோளாறு பிரிண்டரிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் ரௌட்டரில் போட்டு வைத்திருந்த ஒரு டிக் மார்க்கில் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஏறி இறங்கியதை எழுதி வைத்தால் இன்னொருவருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும்.

என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் மின்ட். பிரிண்டர் புதிது. இங்க் டேங்க், ஸ்கேனரும் சேர்ந்தது, திரை கிடையாது, விளக்குகளும் பொத்தான்களும்தான். அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். வாங்கப்போகிறவர்கள் இந்த முத்திரையை, இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு பக்கத்தில் இதேபோல இருக்கும் மோப்ரியா முத்திரையை, பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஏர்பிரிண்ட் 2010இல் ஆப்பிள் ஐபோனுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. அந்த வகை பிரிண்டர் தன்னால் என்னென்ன முடியும் என்பதை நெட்வொர்க்கில் தானே அறிவித்துவிடும். அதைப் புரிந்துகொள்ள இன்றைய லினக்ஸுக்குத் தனி டிரைவர் தேவையில்லை.

வைஃபையில் சேர்ப்பதற்குக் கம்பெனியின் மொபைல் ஆப்பை இறக்கச் சொல்கிறார்கள். அது அக்கவுன்ட் தொடங்கு, லொகேஷனைக் கொடு என்று நச்சரிக்கும். தேவையே இல்லை. ரௌட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தானை (பாஸ்வேர்டு தட்டாமலே கருவியைச் சேர்க்கும் பொத்தான்) அமுக்கி, 2 நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானை அமுக்கினால் சேர்ந்துவிடும். நீல விளக்கு நிலையாக எரிந்தது. சரி, வேலை முடிந்தது என்று மின்ட்டில் பிரிண்டர் பட்டியலைத் திறந்தால், காலி.

ஆனால் மனைவியின் ஃபோனிலிருந்து ஜம்மென்று பிரிண்ட் வந்தது. வம்பே இங்கேதான் தொடங்கியது. ஃபோனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றால் குற்றவாளி யார்? லினக்ஸ். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "லினக்ஸ்ல இதெல்லாம் வராது சார். பேசாம விண்டோஸ் போட்டுருங்க" என்றார். பிரிண்டர் கம்பெனியின் கஸ்டமர் கேரில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் முன்னால் இருந்த பட்டியலில் விண்டோஸ் இருந்தது, மேக் இருந்தது, லினக்ஸ் இல்லை. இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், மேக்கில் பிரிண்ட் வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற மென்பொருள். லினக்ஸிலும் அதே கப்ஸ்தான். 1999இல் வெளிவந்த அது 2007இல் ஆப்பிள் கைக்குப் போனது. அதில் ஓடும், இதில் ஓடாது என்று மனப்பாடம் ஒப்பிப்பவரிடம் இதையெல்லாம் விளக்கிப் பயனில்லை.

அவரை அழுத்திக் கேட்டதில் ஒரு லிங்க் அனுப்பினார். லினக்ஸ் டிரைவராம். நிறுவினேன், பட்டியலில் பிரிண்டர் பெயர் வந்தது, ஒரு பக்கம் அனுப்பினேன். 'செயலில் உள்ளது' என்று கொஞ்ச நேரம் காட்டிவிட்டு 'நிறுத்தப்பட்டது' என்றது. நீக்கித் திரும்ப நிறுவினாலும் அதே கதை. இன்னொரு எரிச்சல், அந்த டிரைவர் தன்னையே டீஃபால்ட் பிரிண்டராக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அப்புறம்தான் பிரிண்டரையே வாயைத் திறக்க வைப்போம் என்று தோன்றியது. திரை இல்லாத பிரிண்டரிலும் தகவல் தாள் எடுக்க வழி இருக்கும். என்னுடையதில் தகவல் பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தாளில் வைஃபை பெயர் சரியாக இருந்தது. ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரின் அடையாள எண், 192.168 என்று தொடங்கியது, அதுவும் சரி. (அங்கே 169.254 என்று இருந்தால் ரௌட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். வைஃபை இணைப்பை முதலிலிருந்து செய்யுங்கள்.) லேப்டாப்பிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் அடித்தேன், 'இருக்கிறாயா' என்று குரல் கொடுப்பது மாதிரி. பதிலே இல்லை. பிங்குக்கே பதில் இல்லாதபோது எந்த டிரைவரைப் போட்டு என்ன?

அப்படியானால் ஃபோனில் மட்டும் எப்படி வருகிறது? அதே தாளின் கீழ்ப்பாதியில் விடை இருந்தது: வைஃபை டைரக்ட், ஆன். ஃபோன் எங்கள் வீட்டு வைஃபை வழியாகப் பிரிண்டரிடம் போகவே இல்லை. 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரில் பிரிண்டர் தானே ஒரு வைஃபை பரப்பிக்கொண்டிருக்கிறது, ஃபோன் அதில் நேராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபோனில் அந்த வைஃபை டைரக்டை அணைத்துவிட்டு அனுப்பிப் பார்த்தேன். ஃபோனிலும் பிரிண்ட் வரவில்லை. அந்த நிமிடம் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. லினக்ஸ் விடுதலை!

அடுத்த சோதனைக்குப் பரணில் கிடந்த லேன் கேபிளை எடுத்து லேப்டாப்பை நேராக ரௌட்டரில் செருகினேன். செருகிய சூட்டோடு பட்டியலில் பிரிண்டர் வந்து நின்றது, நான் எதையும் தட்டவில்லை. கேபிளைப் பிடுங்கி வைஃபைக்கு மாறினால் மறுபடி காணோம். வயரில் இருப்பவருக்குத் தெரிகிறது, வைஃபையில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் ரௌட்டரில் ஏபி ஐசொலேஷன் போட்டிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் வசதி அது. லாட்ஜ், காபிக் கடை வைஃபைக்கு அது வேண்டும். வீட்டுக்கு எதற்கு?

ரௌட்டருக்குள் நுழைய அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு செல்லவில்லை. கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் மாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதுதான் பதில். நெட் வருகிறதா என்று கேட்பார்கள், வருகிறது என்றால் கம்ப்ளெய்ன்ட்டை மூடிவிடுவார்கள். கடைசியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுக்க வரும் தம்பியைப் பிடித்தேன். அவர் வாசலில் நின்றபடியே தன் ஃபோனில் ரௌட்டர் பக்கத்தைத் திறந்தார். டபிள்யூலேன் (வைஃபைக்கான பகுதி), அட்வான்ஸ்டு, அங்கே ஐசொலேஷன் என்ற கட்டத்தில் டிக். "இதாண்ணே, எங்க ஆளுங்க எல்லா வீட்டுலயும் இப்படித்தான் போட்டு விடுறாங்க" என்று எடுத்துவிட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று என இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டையும் பாருங்கள். போகும்போது பாஸ்வேர்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் கனெக்‌ஷன் போட ஆள் வரும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அதன்பின் வைஃபையிலேயே பிரிண்டர் தானாக வந்தது. பழைய டிரைவரை வேரோடு நீக்கிவிட்டு, ரொம்ப நாளாகக் காத்திருந்த பட்டா நகலை அனுப்பினேன். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது, தாள் நகரவில்லை. இது வேறு கோளாறு. கணினி அமெரிக்க லெட்டர் அளவு கேட்கிறது, தட்டில் இருப்பது ஏ4. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631 (localhost:631) என்ற முகவரிக்குப் போனால் கப்ஸின் பக்கம் திறக்கும். அங்கே பிரிண்டரின் டீஃபால்ட் அளவை ஏ4 என்று மாற்றினால் தீர்ந்தது. பட்டா வந்தது, தமிழ் எழுத்து ஒன்றுகூட உடையவில்லை.

631 என்றதும் ஞாபகம் வருகிறது. பிரிண்டர் தெரியவில்லை என்றால் ரௌட்டரில் அந்தப் போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள வாசலை, வெளியே திறந்துவிடச் சொல்லும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். 2024 செப்டம்பரில் கப்ஸின் துணை மென்பொருள் ஒன்றில் பெரிய ஓட்டை வெளிவந்ததே அந்த எண் வழியாகத்தான். கணினியின் ஃபயர்வால் (வேண்டாத தொடர்பைத் தடுக்கும் காவல்) இறுக்கமாக இருந்தால், பிரிண்டர் கண்ணில் படுவதற்கு வீட்டுக்குள் யூடிபி 5353 என்ற போர்ட் மட்டும் திறந்திருந்தால் போதும்.

பட்டியலில் தானாக வரும் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். ஐபி எண்ணைக் கையால் தட்டிச் சேர்த்தால், கரண்ட் போய் வரும்போது ரௌட்டர் வேறு எண் கொடுத்துவிடக்கூடும், பிரிண்டர் மறுபடி காணாமல் போகும். ஸ்கேனர் எந்தத் தகராறும் செய்யவில்லை.

டிரைவர் இல்லாத முறையில் ஒரு குறை உண்டு: ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் முனையைச் சுத்தம்) செய்யும் பொத்தான் லினக்ஸில் கிடைக்காது. பிரிண்டரின் ஐபி எண்ணைப் பிரவுசரில் தட்டினால் அதன் சொந்தப் பக்கம் வரும், கிளீனிங் அங்கே இருக்கிறது. அதே பக்கத்தில் வைஃபை டைரக்ட் பாஸ்வேர்டையும் பார்த்தேன். 12345678. தெருவில் யார் வேண்டுமானாலும் என் மையில் பிரிண்ட் எடுத்திருக்கலாம். அதை முதலில் அணைத்தேன்.