பயாலஜிக் ஊசி போட்டுக்கொள்ளும் முன்

முதுகு வலி நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் டிஸ்க் வலி என்று பெல்ட்டும் ஓய்வும்தான் எனக்கு எழுதித் தந்தார்கள். விடியற்காலையில் வலி எழுப்பிவிடுகிறதா என்று முதலில் கேட்டவர் ஒரு ருமட்டாலஜிஸ்ட், மூட்டு அழற்சி நோய்களுக்கான மருத்துவர். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. எடுத்ததில் அழற்சி தெளிவாகத் தெரிந்தது. இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவும் பாசிட்டிவ். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோய் என்றார். பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

வலி மாத்திரைகளை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் போதவில்லை. முடக்குவாதத்துக்கு அத்தை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் எனக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். முதுகெலும்பு அழற்சிக்கு அது பெரிதாக உதவாதாம். அப்புறம்தான் பயாலஜிக் ஊசிப் பேச்சு வந்தது; உயிருள்ள செல்களில் தயாரிக்கும் புரத மருந்து அது.

நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்கள்தான் சைட்டோகைன்கள். என் நோயில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 17 இரண்டும் முக்கியமானவை. தசைநாண் எலும்பில் சேரும் இடங்களில் இவை அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. ஊசி மருந்து இவற்றில் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்குகிறது.

டி.என்.எஃப்.புக்கு நல்ல வேலையும் உண்டு. உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்கள் கட்டும் அரண் கலையாமல் இருக்க அது வேண்டும். அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. காசநோய்க் கிருமி உடலில் உண்டா என்று தோலில் பார்க்கும் மான்டூ பரிசோதனை எனக்கு பாசிட்டிவ், மார்பு எக்ஸ்ரே சுத்தம். காசநோய் மருந்தான ஐசோனியசிட்டும் பி6 வைட்டமினும் ஆரம்பித்து, ஒரு மாதமாவது போன பிறகே ஊசி என்றார்கள். வலியோடு அந்த மாதத்தைக் கடத்துவது கொடுமைதான். ஆனாலும் காரணம் புரிந்திருந்ததால் அவசரப்படுத்தவில்லை.

எந்த ஊசி என்பதை என் கண்தான் முடிவு செய்தது. முன்பு ஒருமுறை கண் சிவந்து யுவைடிஸ் என்ற கண்ணுக்குள் அழற்சி வந்திருந்தது. டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிகளில், யுவைடிஸைத் தடுப்பதில் எடனர்செப்ட்டைவிட அடாலிமுமாப் மேல். இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் முதுகுக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் என் கண்ணை நினைத்து அதை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொண்டோம். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள்.

என்னை மிகவும் வியக்க வைத்தது இன்டர்லூக்கின் 23. இதுவும் ஒரு சைட்டோகைன்தான். மரபணு ஆய்வுகள், செல்களில் அது வந்து ஒட்டும் ஏற்பியை இந்த நோயோடு இணைக்கின்றன, இன்டர்லூக்கின் 17ஐத் தூண்டுவதிலும் அதற்குப் பங்குண்டு. அப்படியிருந்தும் அதைத் தடுக்கும் ரிசாங்கிசுமாப், முதுகெலும்பு நோய்க்கான சோதனையில் தோற்றது. இன்டர்லூக்கின் 6ஐத் தடுத்த டோசிலிசுமாப் கொடுத்தபோது ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கியது, நோயோ அடங்கவில்லை. ரத்தப் பரிசோதனை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது என்று எனக்கு விளங்கியது அதைப் படித்தபோதுதான்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் 40 மில்லிகிராம், இந்தியாவில் தயாராகும் பயோசிமிலர், அதாவது மூல மருந்தை மிகவும் ஒத்த வடிவம். சில வாரங்களில் காலை விறைப்பு நன்றாகக் குறைந்தது. காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கேட்காமல் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்வதில்லை. ஏற்கெனவே ஒட்டிப்போன எலும்பை எந்த ஊசியும் பிரிக்காது என்பதால் முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளும் தொடர்கின்றன.