ஒரே சர்வர், இரண்டு வேகம்: முதலில் பிளானைப் பாருங்கள்

காரைக்குடியில் தலைமைக் கடை, தேவகோட்டையில் கிளை என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாடல் சர்வர், ஒரே ராம், ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரே பில்லிங் சாஃப்ட்வேர். காரைக்குடியில் சட்டென்று வரும் பாக்கி ரிப்போர்ட் தேவகோட்டையில் நிமிஷக்கணக்கில் இழுக்கிறது. ராமைக் கூட்டலாமா, டிஸ்க்கை மாற்றலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். தயவுசெய்து பொறுங்கள். அந்த ரிப்போர்ட்டின் குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) இரண்டு ஊரிலும் முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின் (அனலைஸ், பஃபர்ஸ்)’ போட்டு ஓட்டுங்கள். டேட்டாபேஸ் எந்த வழியில் தேடி எடுத்தது என்ற பிளானை அது காட்டும். முதல் ஓட்டம் டிஸ்க்கிலிருந்து படிக்கும். அதை விட்டுவிட்டு இரண்டாவதை ஒப்பிடுங்கள். (அப்டேட், டெலீட் என்றால் பிகின் – ரோல்பேக் நடுவில் ஓட்டுங்கள்; ரோல்பேக் மாற்றத்தை ரத்துசெய்துவிடும். அனலைஸ் சேர்த்தால் குவெரி நிஜமாகவே நடந்துவிடும்.)

பிளானே வேறா? அப்படியானால் மெஷினைத் தொடாதீர்கள். பிளானின் ஒவ்வொரு வரியிலும் மதிப்பிட்ட ரோ (டேபிளின் வரிசை) எண்ணிக்கையையும் உண்மை எண்ணிக்கையையும் பாருங்கள். 40 என்று கணித்த இடத்தில் 1,80,000 வந்தால், பிளானர் (பிளான் போடும் பகுதி) நெஸ்டட் லூப் (ஒவ்வொரு ரோவுக்கும் இன்னொரு டேபிளில் மறுபடி தேடும் முறை) எடுத்து மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் காரணம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான், அதாவது பிளானர் கணிக்கப் பயன்படுத்தும் டேபிள் பற்றிய புள்ளிவிவரம். போஸ்ட்கிரெஸ் 17 வரையிலான பதிப்புகளில் பிஜி டம்ப் கருவி எடுக்கும் பேக்கப்போடு அது வராது. ரீஸ்டோர் முடிந்த கையோடு, அதைப் புதிதாக எடுக்கும் ‘அனலைஸ்’ கட்டளை கட்டாயம்.

அடுத்தது செட்டிங். கான்ஃபிக் ஃபைல்களை மட்டும் ஒப்பிட்டால் போதாது. ‘ஆல்டர் சிஸ்டம்’ கட்டளையில் மாற்றியது ஆட்டோ கான்ஃப் என்ற தனி ஃபைலில் இருக்கும், அதுதான் செல்லும். யூசருக்கென்று தனியாக வைத்த மதிப்பும் உண்டு. ஆகவே சாஃப்ட்வேர் நுழையும் அதே யூசராக நுழைந்து பிஜி_செட்டிங்ஸை (நடப்பு மதிப்புகளின் பட்டியலை) எடுத்து ஒப்பிடுங்கள். ராண்டம் பேஜ் காஸ்ட் (டிஸ்க்கில் அங்கங்கே தாவிப் படிப்பதற்குப் பிளானர் போடும் செலவுக் கணக்கு) ஒன்றில் 4, மற்றதில் 1.1 என்றாலே பிளான் மாறலாம்.

நம் பக்கத்தில் நிறையப் பேர் கவனிக்காதது கொலேஷன், அதாவது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி. தேடலில் ‘அழக’ என்று தட்டினால் அழகப்பன், அழகம்மை எல்லாம் வரவேண்டும். டேட்டாபேஸ் ‘சி’ கொலேஷனில் இருந்தால் இந்த லைக் தேடலுக்குச் சாதாரண பிட்ரீ இண்டெக்ஸ் உதவும். மொழிக் கொலேஷனில் உதவாது. டேபிள் முழுவதும் படிக்கும். அங்கே டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்று குறிப்பிட்டுப் போட்ட இண்டெக்ஸ் தனியாக வேண்டும்.

பிளான் ஒன்றே, நேரம்தான் வேறு என்றால் பஃபர் (டேட்டாவைப் படிக்கும் துண்டு) எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பஃபர் 8 கேபி. அதே ரோக்களுக்கு ஒரு பக்கம் 10,000, மறுபக்கம் 60,000 என்றால் டேபிள் பழைய, செத்த ரோக்களால் ஊதியிருக்கிறது. அவற்றைச் சுத்தம் செய்யும் வேக்யூம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள்.

பஃபரும் சமம் என்றால்தான் மெஷின் முறை. ரிப்போர்ட் வேகமாக வந்து, பில் சேமிப்பது மட்டும் தாமதமானால் ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டின்) பேட்டரியைப் பாருங்கள். அது செத்தால் பெரும்பாலான கார்டுகள் கேஷை விட்டு நேராக டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும்; ஒவ்வொரு கமிட்டும் (சேமிப்பை உறுதிசெய்வதும்) அதற்குக் காத்திருக்கும். டிஸ்க்கில் எழுதும் வேகத்தை அளக்கும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்கை இரண்டிலும் ஓட்டினால் தெரிந்துவிடும்.

படிப்பது, எழுதுவது எல்லாமே ஒரே விகிதத்தில் மெதுவா? லோடு இருக்கும்போது சிபியு வேகத்தைப் பாருங்கள். பவர் சேவ் மோடில் இருக்கலாம். ஆத்தங்குடிக் கல் பட்டறை மாதிரி சிமெண்ட் தூசி பறக்கும் இடமென்றால், ஹீட் சிங்க்கைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.