கழிவுநீர்க் கணக்கை அறிக்கையில் ஏற்ற நான் பட்ட பாடு

மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு, போன கிழமைதான் எங்கள் நிலைபேண்தகைமை அறிக்கை, அதாவது சுற்றாடலுக்கும் மக்களுக்கும் நம் தொழிலால் என்ன தாக்கம் என்று நிறுவனம் வெளியிடும் அறிக்கை, அச்சுக்குப் போனது. மின்சாரம், டீசல், பணியாளர் விபரமெல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. என்னைப் படுத்தி எடுத்தது கழிவுநீர்.

தொழிற்சாலை திருகோணமலையில் குடாவோரம் இருக்கிறது. சுத்திகரித்த நீர் குடாவில்தான் சேர்கிறது. நண்டு குறைந்துவிட்டது என்று கிண்ணியா மீனவர்கள் மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் கருத்துக் கேட்க நான் போனது வெள்ளிக்கிழமை. எல்லாரும் ஜும்ஆவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணம் வீண். திங்கள் பின்னேரம் மறுபடி போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிரவில்லை. "தம்பி, போன வருசமும் ஒரு கொப்பியில எழுதிட்டுப் போனீங்க. அந்தக் கொப்பி எங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இந்தமுறை எழுதியதை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். தொகுப்பவர் அந்தப் பந்தியையே வெட்டிவிட்டார். நிரூபிக்கப்படாத முறைப்பாடாம், முதலீட்டாளர் படிக்கிற ஆவணமாம். முக்கிய விடயங்களைத் தீர்மானிக்க யார் யாருடைய கருத்தைக் கேட்டோம் என்று, இப்படியான அறிக்கைகளுக்கான சர்வதேச நியமமான ஜிஆர்ஐயின் 3-1 பிரிவு கேட்பதை எடுத்துக் காட்டினேன். அசையவில்லை.

அப்புறம் வெளிநாட்டுக் கொள்வனவாளரிடமிருந்து ஒரு கேள்விக்கொத்து வந்தது. வெளியேற்றும் நீர் எவ்வளவு, எங்கே சேர்கிறது, கரையோர மக்கள் என்ன சொல்கிறார்கள்? அன்று மத்தியானமே எனக்கு அழைப்பு: "அந்தப் பந்தியை உடனே அனுப்புங்கோ." மூன்று வருடம் வாய்விட்டுச் சொன்னவர்களுக்குக் கிடைக்காத அவசரம் அது. இன்னும் மனம் ஆறவில்லை.

சரி, அனுப்பலாம் என்றால் கணக்கில் ஓட்டை. மாரி மழையில் வெளியேற்றக் குழாயின் மீட்டர் நின்றுபோய், பதிவுப் புத்தகத்தில் நவம்பர், டிசம்பர் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. சராசரி போட்டு நிரப்பச் சொன்னார்கள். மறுத்தேன். 10 மாதம் அளந்தது, 2 மாதம் மதிப்பிட்டது என்று பிரித்துப் போட வைத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஏப்ரலிலிருந்தே மாதாமாதம் மீட்டரைப் படமெடுத்து வையுங்கள். நீர்த்தர ஆய்வறிக்கைகளைத் தேடி அலைய வேண்டாம். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் புதுப்பித்த கோப்பில் பாருங்கள், எனக்கு அங்கேதான் கிடைத்தன.

அச்சுக்குப் போன பக்கத்தின் பிரதியோடு நேற்று கிண்ணியா போனேன். பெரியவர் பேரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். "நண்டு எண்டு போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.