கீழ பாருங்க தம்பி

"மேலயே பாக்காதீங்க தம்பி. கீழ பாருங்க, அது கீழதான் வரும்."

கோடநாடு காட்சிமுனைப் பக்கம், கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர் சொன்னார்.

கருங்கழுகைப் படமெடுக்க ஏழு மணியிலிருந்து வானத்தையே பார்த்து நின்றிருந்தேன். அந்த வெள்ளை வானத்தில் அது படத்தில் வெறும் நிழலாகத்தான் பதிந்தது. கண் தெரியவில்லை, இறகு தெரியவில்லை.

விளிம்புக் கம்பிவரை போனேன்.

காலுக்குக் கீழே, சோலை மர உச்சிகளை உரசுவது போல வந்தது. சிறகே அடிக்கவில்லை. மற்ற பறவைகளின் கூடு தேடும்போது அவ்வளவு மெதுவாகத்தான் பறக்கும். சிறகு நுனி இறகுகள் விரித்த விரல்களைப் போல, ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலே வளைந்திருந்தன. வெயில் பட்ட முதுகு வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அலகு தொடங்கும் இடத்தில் அந்த மஞ்சள்!

400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000 நொடி. பின்னால் மாயாறு பள்ளத்தாக்கு தூரத்தில் ஒரே நீலமாகக் கரைந்துவிட்டது. குறுக்கே ஒரு கிளை இல்லை.

இன்னும் பெரிய லென்ஸ் வாங்கினால்தான் படம் துல்லியமாக வரும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிக் காற்று சூடாகிவிட்டால் எந்த லென்ஸும் உதவாது, இறகெல்லாம் கலங்கிவிடும். அப்புறம், கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெற்ற பறவை கூட்டையே விட்டுப் போய்விடக்கூடும்.

திரும்பும்போது அக்காவிடம் கேமராத் திரையைக் காட்டினேன்.

"கண்ணுகூடத் தெரியுதே!"

பெரிதாக்கிக் காட்டினேன். கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்.