அடிக்க வேண்டாம் என்று சொன்னது

வளர்ந்த எலுமிச்சை மரத்தில் இலைத்துளைப்பான் வந்தால் மருந்து அடிக்க வேண்டாம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். குமரி மாவட்டத்து வேர்க்கிளம்பிப் பக்கம் நாற்று வளர்த்து விற்கும் ஒரு பாட்டாவிடம் சொன்னது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

சொன்னதில் தப்பில்லை. இலைத்துளைப்பான் ஒரு சின்ன அந்துப்பூச்சி. ராத்திரியில் இளந்துளிரில் முட்டையிடும். புழு இலைத் தோலுக்கு அடியில் புகுந்து சாற்றைக் குடித்தபடி ஊரும். முற்றிய இலையை அதனால் துளைக்க முடியாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் துளிருக்கும் பஞ்சமில்லை, புழுவுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். தோலுக்குள் இருக்கும் புழுவை மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் எட்டாது. வெளியே திரியும் ஒட்டுண்ணிக் குளவிதான் சாகும். இந்தப் புழுவைத் தின்று வளர்வது அந்தக் குளவியின் குஞ்சுதான்.

ஒரு இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். வளைந்து வளைந்து போகும் வெள்ளிக் கோடு, நடுவே புழுக்கையின் கறுத்த இழை, முனையில் மஞ்சளாக ஒரு புழு. பக்கத்துக் கோட்டில் புழு செத்துச் சுருங்கிக் கிடந்தது, அருகிலேயே குளவியின் கரிய கூட்டுப்புழு. 1993-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு இந்த அந்து போனபோது, அடுத்த வருடமே வெளியிலிருந்து குளவியை வரவழைக்க வேண்டியிருந்தது. நமக்கு முற்றத்திலேயே இருக்கிறது என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பாட்டா சொன்னார் (நாற்றைத் ‘தை’ என்பார்): “மரம் சாவாதுன்னு எனக்கும் தெரியும் சாரே. தை வாங்க வாறவன் எலையத்தானே பாப்பான்?”

நாற்றுக்கு வேறு வழியும் சொல்லத்தான் செய்தேன்: புதுத் துளிர் விடும்போது மட்டும் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. இளஞ்செடி நிஜமாகவே பாதிக்கப்படும், புழு துளைத்த காயம் வழியாகச் சொறி நோயும் ஏறும். ஆனால் “வேண்டாம்” என்பதுதான் முதலில் என் வாயில் வந்தது. நாங்கள் படித்த சேதக் கணக்கெல்லாம் காய்ப்பை வைத்துத்தான். சுருண்ட இலையால் விலைபோகாத தைக்கு அதில் இடமில்லை. அதற்காக அவர் கேட்டதும் ஒரு மருந்துப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கலாமா? அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை.

அடுத்த துளிர்ச் சமயம் போனபோது நாற்றுகளின் பக்கம் மருந்து வாடை அடித்தது. கடைக்காரர் கொடுத்ததாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மரத்துக்கும் அடித்தீர்களா பாட்டா என்று மட்டும் கேட்டேன்.

“இல்ல சாரே, அத நீங்க வேண்டாம்னு சொன்னியல்லா.”

அதைக் கேட்டுச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. அந்த மரத்திலிருந்து அந்தும் நாற்றுக்குப் போகும், குளவியும் போகும். மருந்து வாடைக்குள் போகிற குளவி எத்தனை பிழைக்கும்?