கூடப் பாடுவதற்கான ஆர்கன் பதிவு

ஆர்கன் வாசிக்க ஆள் இல்லாத சபைகள் நிறைய இருக்கின்றன. ஞாயிறு காலை ஒரு போனை ஸ்பீக்கரில் இணைத்து, யூடியூபில் கிடைத்த பாமாலை ட்யூனை ஓடவிட்டுப் பாடுகிறார்கள். இரண்டாம் சரணத்துக்குள் சபை ஒரு பக்கமும் ஆர்கன் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். வாசிப்பில் குறை இருக்காது. அது உட்கார்ந்து கேட்பதற்காக வாசித்தது, அவ்வளவுதான். ஆலயத்தில் இருக்கும் ஆர்கனிஸ்ட் சபையின் குரலைக் கேட்டுக்கொண்டே வாசிப்பார், பின்தங்கினால் காத்திருப்பார். பதிவால் காத்திருக்க முடியாது. பதிவு செய்கிற நாம்தான் அந்தக் காத்திருப்பை முன்கூட்டியே அதற்குள் வைத்துவிட வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது சரணங்களுக்கு நடுவே வரும் இடைவெளி. 1708-இல் அச்சான செயின்ட் ஆன் ட்யூனை எடுத்துக்கொள்வோம். 8.6.8.6 அளவு, அதாவது வரிக்கு வரி எட்டு, ஆறு, எட்டு, ஆறு அசை. தாளம் நான்கு எண்ணிக்கை. பாட்டு நான்காம் எண்ணிக்கையில் எடுக்கும், கடைசி ஸ்வரம் மூன்று எண்ணிக்கை நிற்கும். அச்சில் உள்ளபடியே வாசித்தால் சரணம் முடிந்த கையோடு அடுத்தது தொடங்கிவிடும், மூச்சுக்கு இடமே இல்லை. கடைசியில் முழுதாக நான்கு எண்ணிக்கை சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏழு. அதில் ஐந்து எண்ணிக்கை கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) பிடித்து, இரண்டு எண்ணிக்கை கையைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அடுத்த சரணத்தை எடுங்கள். எல்லாச் சரணத்துக்கும் இதே அளவு இருக்கட்டும். முதல் இடைவெளியிலேயே சபை அதைப் பழகிக்கொள்ளும். மூன்றாவதில் மாற்றினால் பாதிப் பேர் முந்திவிடுவார்கள்.

முன்வாசிப்புக்கு முதல் வரியும் கடைசி வரியும் போதும். அதன் முடிவில் வேகத்தைக் குறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். சபை தன் வேகத்தை எடுப்பது அந்தக் கடைசி இரண்டு எண்ணிக்கையிலிருந்துதான். அங்கே குறைத்தால் முதல் சரணம் முழுக்க இழுக்கும்.

அடுத்து, ஒரே ஸ்வரம் திரும்ப வரும் இடங்கள். 1551-ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த ஓல்டு ஹன்ட்ரெத் ட்யூனின் முதல் வரி ஸ ஸ நி த ப ஸ ரி க. இரண்டாம் வரி க க க ரி ஸ ம க ரி. அந்த மூன்று காந்தாரங்களையும் விரல் எடுக்காமல் வாசித்தால் கேட்பவர் காதில் ஒரே நீண்ட ஸ்வரமாகத்தான் விழும். எந்த அசை எங்கே விழுகிறது என்றே தெரியாது. பியானோவில் ஒலி தானாகத் தேய்ந்துவிடும், ஆர்கனில் விரல் இருக்கும்வரை நிற்கும். அதனால் ட்யூன் வரும் மேல் குரலில் முக்கால் எண்ணிக்கை பிடித்து கால் எண்ணிக்கை விட்டுவிடுங்கள். எதிரொலி அதிகமுள்ள ஆலயமானால் பாதிக்குப் பாதி. நடுக் குரல்களான ஆல்ட்டோவிலும் டெனரிலும் அதே ஸ்வரம் தொடர்ந்தால் அவற்றைக் கட்டியே பிடிக்கலாம். அப்போது ஒலி துண்டு துண்டாகாமல், அசை மட்டும் தெளிவாக விழும். கீபோர்டில் வாசிப்பவர்கள் ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலைக் கழற்றி வைத்துவிடுங்கள். இந்த வேலையை எல்லாம் அது அழித்துவிடும்.

சுருதி விஷயத்தில், மேல் டி-க்கு மேலே போகாமல் பார்த்துக்கொண்டால் காலை ஆராதனைக்குப் பாதுகாப்பு. ஓல்டு ஹன்ட்ரெத்தை ஜி சுருதியில் வாசித்தால் அதன் உச்ச ஸ்வரம் சரியாக அங்கே நிற்கும். ஏ-யில் வாசித்தால் நான்காம் வரியின் தொடக்கத்தில் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஸ்டாப்புகளில் (எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் விசைகள்; அடி குறையக் குறைய ஒலி மேலே போகும்) 8 அடியும் 4 அடியும் முதல் சரணத்துக்குப் போதும், கடைசிச் சரணத்துக்கு 2 அடி சேர்க்கலாம். காலால் வாசிக்கும் 16 அடி பெடலை நம்பி அடித்தளம் அமைக்காதீர்கள். அதன் அடி ஸி 33 ஹெர்ட்ஸுக்கும் கீழே. ஆலயத்தில் தரையே அதிரும், போன் ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. பேஸ் வரியை இடது கையில் 8 அடியிலும் 4 அடியிலும் தெளிவாகக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் போனிலேயே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

பைப் ஆர்கனைப் பதிவு செய்பவர்கள் எல்லாச் சரணங்களையும் ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. வெப்பம் ஏறினால் ஒலியின் வேகம் கூடும், குழலின் சுருதியும் ஏறும். 10 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 30 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. விடியற்காலையில் எடுத்ததையும் மதியம் எடுத்ததையும் ஒட்டினால் ஒட்டு அப்படியே கேட்கும். மின்விசிறிகளை நிறுத்துங்கள். இறக்கை ஒலியை வெட்டி ஒரு நடுக்கத்தைக் கொடுக்கும், பிறகு அதை நீக்க வழியில்லை. போனில் எடுப்பதானால் தானியங்கி ஒலியளவை அணைக்க முடிகிற செயலியில் எடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கையெடுக்கும் அந்த இரண்டு எண்ணிக்கையில் தெருச் சத்தம் மேலே எழும்பி வரும். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைக்கு இந்த விதிகள் பாதிதான் பொருந்தும். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலம் முதல் ராகமும் தாளமுமாக வளர்ந்த பாட்டுகள் அவை. மாயாமாளவகௌளையில் உள்ள ஒரு பாட்டை ஸி-யில் வாசிக்கும்போது பஞ்சமம் வந்த இடத்தில் பழக்கத்தில் கை ஜி மேஜர் கார்டுக்குப் போகும். அதில் டி இருக்கிறது. ராகத்தின் ரிஷபமோ டி ஃபிளாட். இரண்டும் மோத, பாடுகிறவர்களின் சுருதி தள்ளாடும். இடது கையில் ஸ-வும் ப-வும் மட்டும் பிடித்தால் போதும், வெறுமையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தைத் திரையில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

பாட்டு ஆறு சரணமாக இருக்கும், சபை நான்குதான் பாடும். பிறகு யாராவது ஸ்பீக்கரை நிறுத்த ஓட வேண்டியிருக்கும். காதில் மெட்ரோனோம் (சீராக எண்ணிக்கை தட்டும் கருவி) வைத்து வாசித்திருந்தால் ஒரு சரணத்தை வெட்டி எடுப்பது எளிது. மூன்று, நான்கு, ஐந்து சரணப் பதிப்புகளைத் தனித்தனியாகக் கொடுங்கள். தரவிறக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும், ஆராதனை நடுவே விளம்பரம் ஓடக் கூடாது. 192 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நான்கு நிமிடப் பாட்டு 6 எம்பிக்குள் முடியும், சிக்னல் குறைந்த ஊரிலும் முந்தின நாளே எடுத்து வைக்கலாம். சபைக்குச் சபை பாட்டுப் புத்தகம் மாறுவதால் தலைப்பில் எண் மட்டும் போதாது. முதல் வரி, ட்யூன் பெயர், அளவு, சுருதி, எத்தனை சரணம் எல்லாம் இருக்கட்டும். பழைய ட்யூன்தான் என்று உரிமையை மறந்துவிடாதீர்கள். ட்யூன் பொதுவாகியிருந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பு அப்படி ஆகியிருக்காது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. திரையில் முழுப் பாடலையும் போடும் முன் அதைப் பாருங்கள்.

காலத்துக்கேற்ற பாட்டுகள் ஆறு வாரம் முன்பே ஏறிவிட வேண்டும், பாடகர் குழு பழக நாள் வேண்டுமே. 2026-இல் அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறு நவம்பர் 29, ஆகவே அக்டோபர் நடுவில். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28-லேயே வருகிறது, லெந்து என்ற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. அந்த லெந்துப் பாட்டுகளைக் கிறிஸ்துமஸ் வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுவதுதான் வழி.

பெரிய வெள்ளியன்று இசைக்கருவி இல்லாமல் பாடும் சபைகளுக்கு ஒரு சிறு கோப்பு தனியாகக் கொடுங்கள். 8 அடி புளூட் மட்டும். பேஸ், டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோ என்று கீழிருந்து மேலே ஒவ்வொரு தொடக்க ஸ்வரமும் இரண்டு விநாடி, பிறகு நான்கும் சேர்ந்து நான்கு விநாடி. 12 விநாடியில் கோப்பு முடிந்துவிட வேண்டும்.